முதியோர் இல்லங்களும் முகக்கவசமும்

கொரோனா என்னும் கொள்ளை நோய் உலகத்தை உலுக்கிய காலம் கழிந்து போயிற்று. 2020-ஆம் வருஷத்தில் வீட்டுக்கு வீடு கொடியில் காய்ந்து கொண்டிருந்த முகக்கவசங்கள் இன்று பழந்துணி மூட்டைக்குள் கிடக்கின்றன. 2023-ஆம் வருஷம் மே மாதம் 5-ந் தேதி உலக சுகாதார ஸ்தாபனம் சர்வதேச அவசர நிலைமை முடிந்துவிட்டதென்று பிரகடனம் செய்தது. ஜனங்கள் பெருமூச்சு விட்டார்கள், நாமும் விட்டோம். ஆனால் ஒரு வகைப்பட்ட வாசற்படிக்குள் மட்டும் இந்தக் கேள்வி தீராமலே நிற்கிறது. முதியோர் இல்லங்களில் வயோதிகரைக் குளிப்பாட்டி, உடுத்தி, உணவூட்டி, இரவில் புரட்டிப் படுக்க வைக்கும் சிப்பந்திகள் தங்கள் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு வேலை செய்ய வேண்டுமா? வேண்டுமெனில் எப்போது, யார் செலவில்? இவற்றுக்கு நமது மாகாணத்தில் தெளிவான பதில் ஏற்படவில்லை. அற்ப விஷயமென்று இதைத் தள்ளுகிறவர்கள், ஒரு முழத் துணியில் எத்தனை பேருடைய உயிர் தொங்குகிறதென்பதை எண்ணிப் பார்க்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

உடன்குடி வாசகர்களுக்கு இதைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. தேரி மணலும் பனையும் கருப்பட்டியுமாக வாழும் ஊர் இது. 2023-இல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாடெங்கும் இவ்வூரின் பெயர் பேசப்பட்டது. ஆனால் பனை ஏறியவர்களின் பேரர்கள் பனை ஏறுவதில்லை. சென்னையில் பலசரக்குக் கடை, பம்பாயில் வியாபாரம், அரபு நாடுகளில் உத்தியோகம் என்று வாலிபர்கள் பிரிந்து போய்விட்டார்கள். வீட்டில் மிஞ்சியிருப்போர் ஆச்சியும் தாத்தாவுமே. மாதந்தோறும் பணம் வருகிறது. கை பிடித்துக் கொல்லைப்புறம் அழைத்துச் செல்ல ஆள் வருவதில்லை. இது உடன்குடிக்கு மட்டும் உரிய கதையுமன்று. 2021-ஆம் வருஷத்துக்கான சர்க்கார் மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டு ஜனத்தொகையில் அறுபது பிராயம் கடந்தவர்கள் 100-க்கு 13.6 பேர்; தேசத்தில் கேரளத்துக்கு அடுத்தபடி நாம்தான். 2031-இல் இது 18-ஐத் தாண்டுமென்று அதே மதிப்பீடு கூறுகிறது. 1978-இல் சாவித்திரி வைத்தி அம்மையார் சென்னையில் ‘விச்ராந்தி’யைத் தொடங்கிய காலத்தில், தாய் தகப்பனை இல்லத்தில் விடுவதாவது என்று முகம் சுளித்தவர்கள் பலர். இன்று அவ்விதம் சுளிக்கிற குடும்பங்களே இல்லத்தின் விலாசம் கேட்டு அலைகின்றன. இதை நாம் பரிகாசமாகச் சொல்லவில்லை. காலத்தின் போக்கு அது.

நோய் இத்தகைய இல்லத்துக்குள் எப்படி நுழைகிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். அங்கே வசிக்கும் முதியவர் சந்தைக்குப் போவதில்லை, பஸ் ஏறுவதில்லை. பல பேர் கட்டிலை விட்டே இறங்குவதில்லை. வெளியுலகத்துக்கும் அவருக்கும் இடையே தினந்தோறும் போய் வருகிறவர் சிப்பந்தி ஒருவரே. 2020-ஆம் வருஷம் பிப்ரவரி மாதக் கடைசியில் அமெரிக்காவின் வாஷிங்டன் ராஜ்யத்தில் கிர்க்லாண்டு என்ற ஊரிலுள்ள ஒரு பராமரிப்பு இல்லத்தில் நோய் புகுந்தது. மார்ச்சு மாத நடுவுக்குள் அவ்வில்லத்தோடு சம்பந்தப்பட்ட 167 பேருக்கு நோய் உறுதியாயிற்று. அவர்களுள் இல்லவாசிகள் 101, சிப்பந்திகள் 50, பார்க்க வந்தவர்கள் 16. நோய் கண்ட இல்லவாசிகளில் மூன்றில் ஒரு பங்கினர் மாண்டு போயினர். விசாரித்த அதிகாரிகள் கண்ட காரணங்கள் யாவை? சிப்பந்திகளில் சிலர் உடம்பு சரியில்லாதபோதும் வேலைக்கு வந்தார்கள். சிலர் ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை பார்த்தார்கள். கவசங்கள் போதிய அளவில் இல்லை. இருந்தவற்றை அணியும் முறையும் நன்கு தெரியவில்லை. உலகத்திலேயே ஐசுவரியம் மிகுந்த தேசத்தில் இந்த நிலைமையென்றால், நமது நாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

அதே வட்டாரத்தில் வேறோர் இல்லத்தில் நடந்த பரிசோதனை இதைவிட முக்கியமானது. அங்கே நோய்க்கிருமி இருப்பதாகக் கண்டறியப்பட்ட 48 முதியோரில் 27 பேருக்குப் பரிசோதனை நடந்த தினத்தில் இருமலும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ‘இருமுகிறவன் மட்டும் மூடிக்கொண்டால் போதாதா?’ என்று வாதம் செய்கிறவர்களுக்கு இதுவே பதிலாகும். எவனிடம் நோய் இருக்கிறதென்று அவனுக்கே தெரியாத காலத்தில், அண்டையில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்?

முகத்தை மூடும் யுக்தி மேல்நாட்டாரின் சொத்து என்று நம்மவரில் பலர் நினைக்கிறார்கள். இதன் சரித்திரத்தில் ஓர் ஆசியருக்கே பிரதான ஸ்தானம் உண்டு. தமிழர்கள் பெருவாரியாய்க் குடியேறியிருக்கும் பினாங்கில் 1879-இல் பிறந்து, கேம்பிரிட்ஜில் வைத்தியம் பயின்ற சீனரான டாக்டர் ஊ லியன்-தே என்பவரே அவர். 1910-ஆம் வருஷக் கடைசியில் மஞ்சூரியாவில் நுரையீரலைத் தாக்கும் பிளேக்கு பரவியபோது, அது எலியினாலன்று, மனிதன் மூச்சினாலேயே பரவுகிறது என்று அவர் கண்டறிந்தார். பஞ்சையும் சல்லாத் துணியையும் அடுக்கிக் கவசம் தைத்து, வைத்தியர் முதல் பிணம் தூக்குவோர் வரை எல்லோரும் அதைக் கட்ட வேண்டுமென்று விதித்தார். மெனி என்ற பிரெஞ்சு வைத்தியர் ஒரு சீனன் தமக்குப் போதிப்பதா என்று அதை அலட்சியம் செய்து, வெறும் முகத்தோடு நோயாளிகளிடம் சென்றார். சில தினங்களுக்குள் அதே நோயால் இறந்து போனார். அந்தக் கொள்ளை நோயில் சுமார் 60,000 பேர் மாண்டனர். கருத்த தோலும் மஞ்சள் தோலும் எதையும் கண்டுபிடிக்க மாட்டா என்று கருதிய ஒரு காலத்தின் அகந்தைக்கு அவர் கொடுத்த விலை அது. வெள்ளையர் செய்தால் விஞ்ஞானம், நம்மவர் செய்தால் மூடத்தனம் என்னும் மனோபாவம் நமது படித்தவர்களிடையே இன்னும் அடியோடு போய்விடவில்லை. ஆகையால் இதைச் சற்று விரித்துச் சொன்னோம்.

நிற்க. கவசம் என்னதான் செய்கிறது? பனங்காட்டு வாசகருக்கு இதை விளக்குவது எளிது. பதநீரை வடிக்கப் பன்னாடையை உபயோகிக்கிறோம். அது தும்பையும் ஈயையும் நிறுத்தும். சுண்ணாம்பின் நுண்பொடியை நிறுத்தாது. வீட்டில் தைத்த துணிக் கவசம் பன்னாடையைப் போன்றது. இருமும்போது தெறிக்கும் பெரிய துளிகளைத் தடுக்கும். காற்றில் மிதக்கும் நுண்துளிகள் அதன் வழியே நழுவிவிடும். ஆஸ்பத்திரிகளில் கட்டும் நீலநிறக் கவசம் அதைவிட மேலானது. எனினும் கன்னத்தோரத்தில் இடைவெளி விடுகிறது. ‘என்-95’ என்று வழங்குவது வேறு ஜாதி. அது வெறும் சல்லடையன்று. அதன் இழைகளில் மின்னூட்டம் ஏற்றப்பட்டிருக்கிறது. காந்தம் இரும்புத் தூளை இழுப்பது போல அவை நுண்துகள்களை இழுத்துப் பிடிக்கின்றன. தடுப்பதற்கு மிகவும் கடினமான பருமனுள்ள துகள்களிலும் 100-க்கு 95-ஐ நிறுத்த வல்லது என்பதே அந்தப் பெயரின் பொருள். சோப்புப் போட்டுத் துவைத்தால் அந்த மின்னூட்டம் கெட்டுவிடும். சிக்கனத்தை உத்தேசித்து அதைத் துவைத்துத் துவைத்துச் சிப்பந்திகளுக்குக் கொடுக்கும் நிர்வாகி, கவசம் என்ற பெயரில் கந்தலையே கொடுக்கிறார். மூக்குக்குக் கீழே இறக்கிக் கட்டும் கவசத்தைப் பற்றி எழுதி மையை வீணாக்க நாம் விரும்பவில்லை.

பயன் எவ்வளவு என்பதில் பண்டிதர்களுக்குள் விவாதம் உண்டு. அதை மறைப்பது பத்திரிகை தர்மமன்று. ஆராய்ச்சிகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் ஸ்தாபனம் 2023-ஆம் வருஷம் வெளியிட்ட அறிக்கையைப் படித்துவிட்டுக் கவசமே வீண் என்று பலர் கூத்தாடினார்கள். அந்த ஸ்தாபனத்தின் தலைமை ஆசிரியரோ, கிடைத்த சான்றுகள் முடிவு சொல்லப் போதவில்லை என்பதே அறிக்கையின் கருத்து என்று விளக்க நேர்ந்தது. இதற்கு முன்பே, நமது அண்டை நாடான வங்காள தேசத்தில் 600 கிராமங்களைச் சேர்ந்த சுமார் 3,40,000 பேரைக் கொண்டு ஒரு பெரும் பரிசோதனை நடந்திருந்தது. ஆஸ்பத்திரிக் கவசங்களை இலவசமாக வழங்கி அணியச் சொல்லிய கிராமங்களில், அறிகுறியோடு உறுதியான நோய் மொத்தத்தில் 100-க்கு 11 பங்கும், அறுபது பிராயம் கடந்தவர்களிடையே 100-க்கு 35 பங்கும் குறைந்ததாக ஆராய்ச்சியாளர் கணக்குக் காட்டினார்கள். பத்துக்கு நான்கு பேர்தான் அக்கிராமங்களில் கவசம் அணிந்தனர் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அந்தக் கணக்கைக் குறை கூறியவர்களும் உண்டு. எனினும் நமக்கு வேண்டியது ஊர் முழுவதற்குமான விதியன்று. நாலு சுவருக்குள், இரண்டு சாண் தூரத்தில் முகத்துக்கு நேரே குனிந்து ஒருவர் மற்றொருவருக்குக் கஞ்சி ஊட்டும் இடத்துக்கான விதியே இங்கு வேண்டப்படுவது. அந்த இடத்தில் சந்தேகத்தின் பலன் முதியவருக்கே சேர வேண்டும்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 2020-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 4-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, முன்னாள் சட்ட மந்திரி அசுவனி குமார் தொடர்ந்த வழக்கில் ஒரு முக்கியமான உத்தரவு பிறப்பித்தது. முதியோருக்கு மருந்துகளும் முகக்கவசங்களும் கிடைக்கச் செய்ய வேண்டும், முதியோர் இல்லங்களில் பராமரிப்பு வேலை செய்வோருக்குத் தற்காப்பு அங்கிகளும் சாதனங்களும் அளிக்க வேண்டும், இல்லங்களைக் கிருமி நீக்கம் செய்ய வேண்டும் என்பதே அதன் சாரம். இங்கே ‘அளிக்க வேண்டும்’ என்ற சொல்லை ஊன்றிக் கவனிக்க வேண்டும். சிப்பந்தி வாங்கிக்கொள்ள வேண்டுமென்று கோர்ட்டு சொல்லவில்லை. அவ்வுத்தரவு கொள்ளை நோய்க் காலத்துக்கென்று பிறந்தது வாஸ்தவமே. ஆனால் அதில் அடங்கிய நியாயம் கொள்ளை நோயோடு செத்துப் போகவில்லை.

2007-ஆம் வருஷத்திய பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 19-வது பிரிவு, ஜில்லாவுக்கு ஒன்றாவதாக, ஏழை முதியோர் 150 பேருக்குக் குறையாமல் தங்கும்படி, மாகாண சர்க்கார் இல்லங்கள் அமைக்கலாம் என்று கூறுகிறது. ‘அமைக்கலாம்’ என்பதற்கும் ‘அமைக்க வேண்டும்’ என்பதற்கும் கோர்ட்டில் உள்ள தூரம், உடன்குடிக்கும் டில்லிக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். அந்தத் தூரத்தைக் குறைப்பதற்காக 2019-ஆம் வருஷம் டிசம்பரில் ஒரு திருத்த மசோதா லோக்சபையில் கொண்டுவரப்பட்டது. தனியார் இல்லங்களைப் பதிவு செய்வதும், குறைந்தபட்சத் தரங்களை விதிப்பதும் அதன் நோக்கங்களில் அடங்கும். கமிட்டிக்குப் போயிற்று, கமிட்டி அறிக்கையும் தந்தது, 2024-இல் சபை கலைந்தபோது மசோதாவும் காலாவதியாயிற்று. கொள்ளை நோய் வந்து போகும் காலம் முழுவதும் அந்தக் காகிதம் மேஜை மேலேயே கிடந்தது. இதைவிடக் கண்டிக்கத்தக்கது வேறென்ன?

மாகாணத்தின் கையில் ஆயுதமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தேசத்துக்கே முன்மாதிரியாகச் சென்னை மாகாணத்தில் 1939-இல், ராஜாஜி பிரதம மந்திரியாகவும் டாக்டர் ராஜன் சுகாதார மந்திரியாகவும் இருந்த காலத்தில், பொது சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. 2020-ஆம் வருஷம் செப்டம்பரில் கவசமில்லாதவருக்கு 200 ரூபாய் அபராதம் விதிக்க அந்தப் பழைய சட்டத்தையே திருத்தினார்கள். தெருவில் போகிறவனைப் பிடித்து அபராதம் வாங்க உபயோகமான சட்டம், வயோதிகரின் கட்டிலருகே நிற்பவருக்கு ஒரு நல்ல கவசம் வாங்கித் தர உபயோகமாகாதா? 2023-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 1-ந் தேதி முதல் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் வைத்தியர், நோயாளி, பார்க்க வருவோர் யாவரும் கவசம் அணிய வேண்டுமென்று சுகாதார மந்திரி மா. சுப்பிரமணியன் அறிவித்ததை நாம் அறிவோம். நோய் தலைதூக்கிய வேளையில் அது தக்க நடவடிக்கை. ஆனால் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து சொஸ்தமாகித் திரும்பும் கிழவி போய்ச் சேரும் இல்லத்துக்கு அத்தகைய அறிவிப்பு எதையும் நாம் கேட்கவில்லை.

ஆட்சேபங்கள் இல்லாமலில்லை. அவற்றுள் ஒன்று நம்மை உண்மையிலேயே யோசிக்க வைக்கிறது. காது மந்தமான முதியவர் பேசுவோர் உதட்டைப் பார்த்தே பாதி அர்த்தம் செய்துகொள்கிறார். உதடு மறைந்தால் அவருக்கு உலகமே ஊமையாகிவிடும். மறதி நோயுற்றவருக்கோ, தினமும் வந்து ‘ஆச்சி, ரெண்டு வாய் சாப்பிடுங்க’ என்று கெஞ்சுகிற பெண்ணின் முகந்தான் ஒரே அடையாளம். அதை மூடினால் யாரோ அந்நியர் வந்துவிட்டதாக எண்ணி மிரளுகிறார், கையைத் தட்டிவிடுகிறார், பட்டினி கிடக்கிறார். நோயிலிருந்து காப்பாற்றப் போய்ப் பயத்திலும் தனிமையிலும் தள்ளுவது காப்பாற்றுதலாகாது. ஆகையால் வருஷம் முழுவதும், இருபத்துநாலு மணி நேரமும் என்ற விதியை நாம் ஆதரிக்கவில்லை. வாய்ப்பக்கம் கண்ணாடி போன்ற தகடு வைத்த கவசங்கள் உண்டு. அவற்றைச் சில கட்டில்களுக்காவது வாங்கலாம். முற்றத்து வேப்பமர நிழலில், நாலு முழம் தள்ளி உட்கார்ந்து, கவசத்தை இறக்கிவிட்டு முகம் காட்டிப் பேசலாம். வெட்டவெளிக் காற்றில் அபாயம் மிகக் குறைவு. அறைகளின் ஜன்னல்களைத் திறந்து வைப்பதும் அவ்வாறே. காசு செலவில்லாத இந்த வைத்தியத்தைத்தான் நமது நிர்வாகிகள் முதலில் மறக்கிறார்கள்.

வெயிலைப் பற்றிய ஆட்சேபமும் மெய்யே. சித்திரை வெயிலில் தேரிக்காட்டுக் காற்று அடிக்கும்போது வேர்வையில் நனைந்த கவசம் முகத்தோடு ஒட்டிக்கொண்டு மூச்சை அடைக்கும். அதற்குப் பரிகாரம் வேளைக்கு ஒரு கவசம் கொடுப்பது. குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு தசராவில் காளி வேடம் கட்டுகிறவர் கனத்த கிரீடத்தையும் பல்லையும் வைத்துக்கொண்டு அதே வெயிலில் ஊர் ஊராய் நடப்பதை நாம் கண்டிருக்கிறோம். ஆனால் அவர் விரும்பி ஏற்ற விரதம் அது. சம்பளத்துக்கு வேலை செய்கிற ஆயாவிடம் விரதத்தை எதிர்பார்ப்பது அக்கிரமம்.

உண்மையான முட்டுக்கட்டை வெயிலில் இல்லை, கூலியில் இருக்கிறது. இல்லங்களில் உழைப்போர் பெரும்பாலும் பெண்கள். பல பேர் விதவைகள், அல்லது குடும்பத்தைத் தனியே தாங்குகிறவர்கள். தொண்டை கரகரக்கிறதென்று சொன்னால் ‘வீட்டுக்குப் போ’ என்பார்கள். போனால் அந்த நாள் கூலி இல்லை. இருமலை விழுங்கிக்கொண்டு, மிட்டாய் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு அவள் வேலைக்கு வருகிறாள். கிர்க்லாண்டில் கண்டதும் இதுவே. தொழிலாளர் இன்ஷ்யூரன்சுத் திட்டம் நோய்க் காலத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 100-க்கு 70 பங்கு கொடுக்கிறது. ஆனால் பத்துப் பேருக்குக் குறைந்த சிப்பந்திகளை உடைய சிறு ஸ்தாபனம் அதன் வரம்புக்குள் வருவதில்லை. நமது கிராமாந்தரத்து இல்லம் எதில் பத்துப் பேர் வேலை செய்யப் போகிறார்கள்? ஆகவே நோயுற்ற நாளுக்குக் கூலி கொடுக்காமல் கவசம் மட்டும் கட்டச் சொல்கிற விதி, கூரையைப் பிரித்துவிட்டுக் குடை கொடுக்கிற விதியே ஆகும். இவ்விரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்று நிர்வாகிகள் சொன்னால், கூலியையே முதலில் கொடுங்கள் என்போம்.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். 2020-இல் சர்க்கார் ரேஷன் கடைகள் வழியாகக் குடும்பங்களுக்குக் கவசங்களை இலவசமாய் வழங்கியது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் லட்சக்கணக்கில் தைத்தன. திருப்பூர் ஆலைகள் பனியனை நிறுத்திவிட்டுக் கவசம் நெய்தன. அந்நிய தேசத்துக் கப்பலை எதிர்பாராமல் நமது கைகளே நமது முகத்தை மறைத்த சுதேசிக் காரியம் அது. ஊர் முழுவதற்கும் கொடுக்க முடிந்த மாகாணத்துக்கு, இல்லங்களுக்கு மட்டும் கொடுப்பது பாரமாகாது. வெளியூரில் சம்பாதிக்கும் உடன்குடிக் கனவான்கள் கோவில் கொடைக்கும் பள்ளிவாசலுக்கும் மாதா கோவில் திருவிழாவுக்கும் தாராளமாக எழுதுகிறார்கள். அந்தச் சீட்டில் இன்னும் ஒரு வரி எழுத அவர்களை நாம் கேட்டுக்கொள்கிறோம்.

காலத்தைப் பற்றி நமது யோசனை இது. தமிழ்நாட்டில் இன்ஃபுளுயன்சாக் காய்ச்சல் வடகிழக்குப் பருவமழையோடு தலையெடுப்பது வழக்கம். அதற்குச் சற்று முன்னே தசரா வருகிறது. 2020-இல் கட்டுப்பாடுகளால் பெருங்கூட்டமின்றி நடந்த அந்த விழா இப்போது பழையபடி லட்சக்கணக்கானோரை இழுக்கிறது. சென்னையிலிருந்தும் பம்பாயிலிருந்தும் ரயிலிலும் பஸ்ஸிலும் நெருக்கியடித்து வந்த பிள்ளைகள், குலசையில் அம்மனைத் தரிசித்துவிட்டு நேரே தாயாரைப் பார்க்க இல்லத்துக்குப் போகிறார்கள். ஆதலால் புரட்டாசி பிறந்தது முதல் தை முடியும் வரையில், உடம்பைத் தொட்டுச் செய்யும் பணிகளின்போது சிப்பந்திகள் கட்டாயம் கவசம் அணிய வேண்டும். பார்க்க வருவோருக்கும் வாசலிலேயே ஒன்று கொடுக்க வேண்டும். மற்ற மாதங்களில், இல்லத்துக்குள் இருவருக்குக் காய்ச்சல் இருமல் கண்ட உடனே விதி தானாக அமலுக்கு வர வேண்டும். கடைசி நோயாளி குணமாகிப் பத்து நாள் ஆன பின்பே அதைத் தளர்த்த வேண்டும். க்ஷயரோகம் சந்தேகிக்கப்பட்டால் என்-95 அன்றி வேறெதுவும் உதவாது. புரட்டாசிக்கு முன்பே சிப்பந்திகளுக்கும் முதியோருக்கும் இன்ஃபுளுயன்சாத் தடுப்பூசி போட்டுவிடுவது மெத்தவும் நலம்.

திருச்செந்தூர்த் தாலூகாவில் உள்ள இல்லங்களின் ஜாபிதாவைத் தயாரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை முதியோர், எத்தனை சிப்பந்திகள், கவசம் யார் செலவில், நோயுற்ற நாளுக்குக் கூலி உண்டா என்ற நாலு கேள்விகளுக்குப் பதில் வாங்குவது தூத்துக்குடி ஜில்லாக் கலெக்டருக்கு ஒரு வாரத்து வேலை. அந்த ஜாபிதாவை வெளியிட நமது பத்திரிகையில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். இடையில், இல்லத்தில் இருக்கும் முதியவர் எவருக்கேனும் குறையிருந்தால் 14567 என்ற முதியோர் உதவித் தொலைபேசி எண்ணுக்கு அவரோ அவருடைய உறவினரோ கட்டணமின்றிப் பேசலாம். கவசம் கிடைக்கவில்லை, கூலி பிடிக்கப்பட்டது என்று சொல்ல விரும்பும் சிப்பந்திகள் நமது காரியாலயத்துக்கு எழுதலாம். அவர்களுடைய பெயரை வெளியிட மாட்டோம்.